ஒரு பக்கம் மட்டும் அடைத்தால்...

(நம் பழைய மாணவர் சங்கத்தின் பொன்விழாச் சந்திப்பில், 1973-74 புகுமுக வகுப்பு மாணவரும் காது மூக்கு தொண்டை மருத்துவருமான நம் நண்பர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்கு ஃபோன் பண்ணி, "உன் துறையைப் பத்தி இருபது நிமிஷம் பேசு. ஆனா யாரும் பயப்படக்கூடாது. சாப்பாட்டுக்கு முன்னாடி பேசறதால அருவருப்பாவும் இருக்கக்கூடாது" என்று இரண்டு நிபந்தனை போட்டார். சளியையும் சீழையும் வைத்துப் பிழைப்பு நடத்துகிறவனுக்கு இரண்டாவது நிபந்தனை கொஞ்சம் கஷ்டம்தான். முதல் நிபந்தனையையும் என்னால் முழுசாகக் காப்பாற்ற முடியாது. கொஞ்சம் பயம் நல்லது. ஏன் என்பதை ஹாஸ்டல் 18-ஆம் எண் அறையில் என்னோடு இருந்தவனின் கதையைச் சொல்லும்போது நீங்களே புரிந்துகொள்வீர்கள். அந்தக் கதை கடைசியில் வரும். அதற்கு முன்னால் கொஞ்சம் பாடம்.

முகத்துக்குள் எட்டு அறைகள்

நம் முகத்து எலும்புகள் கல்தூண் போலக் கெட்டியானவை அல்ல. மூக்கைச் சுற்றி, காற்று நிரம்பிய அறைகள் பக்கத்துக்கு நான்காக உள்ளன. இவற்றைத்தான் சைனஸ் என்கிறோம். சைனஸ் என்பது வியாதியின் பெயர் இல்லை. எல்லோருக்கும் இருக்கிற உறுப்பின் பெயர். "டாக்டர், எனக்கு சைனஸ் இருக்கு" என்று யாராவது வந்தால், "எனக்கும் இருக்கு, உட்காருங்க" என்பது எங்கள் துறையின் பழைய ஜோக்.

இவற்றில் பெரியது கன்னத்துக்குள் இருக்கும் மேல்தாடை சைனஸ். பெரியவர்களுக்கு ஒவ்வொரு பக்கமும் சுமார் 15 மில்லி கொள்ளளவு; மூன்று டீஸ்பூன் தண்ணீர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த அறைக்கு மேல்கூரைதான் கண்ணுக்குத் தரை. அதன் தரைக்குக் கீழே மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களின் வேர்கள். அதன் உட்சுவர் மூக்கு. கண், மூக்கு, பல் மூன்றுக்கும் பொதுச் சுவர் உள்ள வீடு இது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் நான் பின்னால் சொல்வதெல்லாம் சுலபமாக விளங்கும்.

1651-இல் நத்தானியேல் ஹைமோர் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்த அறையைப் பற்றி விரிவாக எழுதினார். அவரிடம் வந்த ஒரு பெண்மணிக்குக் கோரைப்பல்லைப் பிடுங்கிய குழி வழியாக நீர் வடிந்துகொண்டே இருந்தது. அவர் ஒரு இறகை அந்தக் குழிக்குள் விட்டுப் பார்க்க, அது உள்ளே போய்க்கொண்டே இருந்ததாம். மூளைக்கே போய்விட்டதோ என்று நடுங்கிப்போனார். பல்லுக்கும் சைனஸுக்கும் உள்ள உறவு அவ்வளவு நெருக்கம்.

இன்னொரு விசித்திரம். இந்த அறையின் வாசல் தரையில் இல்லை, சுவரின் மேல்பகுதியில் இருக்கிறது. உள்ளே ஊறுகிற சளியை, கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் வாசலை நோக்கி மேலே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. ஜலதோஷம் வந்து வாசல் வீங்கி அடைத்துவிட்டால் சளி உள்ளேயே தேங்குகிறது. கிருமி சேர்ந்தால் சீழாகிறது. முகம் கனக்கிறது, குனிந்தால் வலிக்கிறது. நம் பாட்டிமார் பீனிசம் என்று சொன்னதில் பெரும்பகுதி இதுதான்.

இரண்டு பக்கமும் என்றால்

மூக்கு வியாதிகளில் பெரும்பாலானவை இரண்டு பக்கத்தையும் பாதிக்கும். ஜலதோஷம் இரண்டு பக்கமும் வரும், ஏழு முதல் பத்து நாளில் போய்விடும். தூசி, பூஞ்சை, பூனை முடி என்று ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளாமல் காலையில் எழுந்ததும் இருபது தும்மல் போடுகிறோமே, அந்த ஒவ்வாமையும் இரண்டு பக்கமும்தான். உரித்த பன்னீர்த் திராட்சை போல வெளிறித் தொங்கும் பாலிப் என்கிற சதையும் பெரும்பாலும் இரண்டு பக்கமும் கொத்துக் கொத்தாக வரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது அதிகம். மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே, தேவைப்பட்டால் எண்டோஸ்கோப் ஆபரேஷன் என்று இதற்கு நல்ல வைத்தியம் உண்டு. திரும்ப வளரும் குணம் இருப்பதால் மருந்தை நிறுத்தாமல் போட வேண்டும்.

இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். கண்ணாடியில் பார்த்து, "மூக்குல சதை வளந்திருக்கு" என்று பயந்து வருகிறவர்களில் பலருக்கு அது சதையே இல்லை. மூக்கின் பக்கச் சுவரில் இயற்கையாகவே உள்ள மடிப்பு. ஒவ்வாமையில் வீங்கியிருக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று, அடைப்புக்குப் போடுகிற சொட்டு மருந்து. போட்டதும் மூக்கு திறந்துகொள்ளும், சொர்க்கம் போல இருக்கும். ஐந்து நாளுக்கு மேல் போட்டால் அந்த மருந்தே அடைப்பை உண்டாக்கும். தலையணைக்குக் கீழே பாட்டில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் போடுகிறவர்கள் இந்த அரங்கத்திலேயே இருப்பார்கள். கை தூக்க வேண்டாம்!

ஒரே பக்கம் என்றால்

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன். ஆரோக்கியமான மூக்கிலும் ஒரு பக்கம் கொஞ்சம் அடைத்திருக்கும், சில மணி நேரத்தில் அது மாறி மறுபக்கம் அடைக்கும். சரம் பார்க்கிற நம் பெரியவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. ஆகவே பக்கம் மாறி மாறி அடைத்தால் கவலையில்லை. சிறு வயதிலிருந்தே ஒரு பக்கம் அடைப்பு என்றால் நடு எலும்பு வளைந்திருக்கலாம்; அதுவும் ஆபத்தில்லை.

ஆனால் புதிதாக ஆரம்பித்து, பக்கம் மாறாமல், வாரக்கணக்கில் ஒரே பக்கம் அடைத்துக் கிடந்தால், அல்லது அந்தப் பக்கம் மட்டும் ரத்தமோ நாற்றமுள்ள நீரோ வந்தால், அது ஜலதோஷம் இல்லை. அங்கே ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது. என்ன உட்கார்ந்திருக்கிறது என்பது வயதைப் பொறுத்தது. வயதுவாரியாகச் சொல்கிறேன்.

பேரன் பேத்தி வயதில், அதாவது இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் கெட்ட வாடையோடு சளி வந்தால், எதையோ உள்ளே போட்டுக்கொண்டிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கொண்டைக்கடலை, மணி, ரப்பர், ஸ்பாஞ்சு எல்லாம் எடுத்திருக்கிறேன். இவற்றில் பட்டன் பேட்டரி மட்டும் எமன். சில மணி நேரத்தில் மூக்கின் நடுச்சுவரை அரித்து ஓட்டை போட்டுவிடும். ராத்திரி என்றாலும் காத்திருக்கக்கூடாது. வீட்டில் ஊக்கு, ஹேர்பின் விட்டு நோண்டவும் கூடாது.

மீசை அரும்புகிற வயதுப் பையனுக்கு ஒரு பக்கம் அடைப்பும், அடிக்கடி கொடகொடவென்று ரத்தமும் வந்தால், "சூடு, இளநீர் குடி" என்று விட்டுவிடாதீர்கள். மூக்கின் பின்பக்கத்தில் ரத்தக்குழாய்கள் நிறைந்த ஆஞ்சியோஃபைப்ரோமா என்ற கட்டி இருக்கலாம். புற்று இல்லை. ஆனால் தெரியாமல் தொட்டால் ரத்தம் ஆறாக ஓடும். ஸ்கேன் பார்த்துத்தான் கை வைக்க வேண்டும். சில்லுமூக்கு உடைவது வேறு; அது மூக்கின் முன்பகுதியில், சிறு ரத்தக்குழாய் வெடிப்பதால் வருவது. அதற்கு முதலுதவி: நிமிர்ந்து உட்கார்ந்து, தலையைக் கொஞ்சம் முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடித்து, வாயால் மூச்சு விடுங்கள். அண்ணாந்து படுக்க வைப்பது தப்பு. ரத்தம் தொண்டைக்குள் போய்விடும்.

அடுத்தது நம் பக்கத்துச் சரக்கு. சிவகங்கை, ராமநாதபுரம் சீமையிலிருந்து வந்த நண்பர்களுக்குத் தெரியும். கண்மாயிலும் ஊருணியிலும் மாட்டோடு மாடாகக் குளிக்கிறவர்களுக்கு மூக்கில் சிவப்பாக ஒரு சதை வளரும். ஸ்ட்ராபெரிப் பழம் போல மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி. தொட்டால் ரத்தம். ரைனோஸ்போரிடியோசிஸ் என்று பெயர். உலகத்தில் இந்தியாவிலும் இலங்கையிலும்தான் இது அதிகம். ஆனால் முதலில் விவரித்தவர் அர்ஜென்டினாவில் கில்லெர்மோ சீபெர், 1900-ஆம் ஆண்டில். நாங்கள் படித்த காலத்தில் இதைப் பூஞ்சைக் காளான் என்று எழுதி மார்க் வாங்கினோம். 1990-களின் கடைசியில் மரபணுவைப் பார்த்தபோது அது காளானே இல்லை, மீன்களைத் தாக்கும் சில நுண்ணுயிர்களுக்குப் பங்காளி என்று தெரிந்தது. ஆபரேஷனில் எடுத்து, அடியைச் சுட்டுவிட வேண்டும். மறுபடி அதே கண்மாய்க்குப் போனால் மறுபடி வரலாம்.

நாற்பது வயதுக்கு மேல் ஒரு பக்கம் மட்டும் சீழும் நாற்றமும் என்றால் முதலில் பல்லைப் பாருங்கள். சொத்தைப் பல்லின் வேரிலிருந்து கிருமி மேலே ஏறி சைனஸைக் கெடுத்திருக்கும். பல்லைக் கவனிக்காமல் சைனஸுக்கு மட்டும் எத்தனை மருந்து சாப்பிட்டாலும் தீராது. தலைகீழ் பாப்பிலோமா என்று ஒரு கட்டியும் உண்டு. பார்வைக்குச் சாதாரண பாலிப் மாதிரியே இருக்கும். ஒரு பக்கம்தான் வரும். சிலருக்கு நாளடைவில் புற்றாக மாறும். அதனால்தான் எடுத்த சதை எதுவானாலும் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்கிறோம். "பாலிப்தானே, எடுத்துத் தூக்கிப் போட்டாச்சு" என்று யார் சொன்னாலும், "பயாப்ஸி ரிப்போர்ட் எங்கே?" என்று கேளுங்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது கருப்புப் பூஞ்சை என்று நாடே நடுங்கியது நினைவிருக்கும். அந்த மே மாதத்தில் தமிழ்நாடு அரசு அதைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாகப் பிரகடனம் செய்தது. அது கொரோனாவோடு வந்து கொரோனாவோடு போன வியாதி இல்லை. கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேருகிற இடத்தில் முன்பும் வந்தது, இப்போதும் வருகிறது. ஒரு பக்க முகவலி, கண் வீக்கம், மூக்கில் கருப்புப் பொருக்கு, அண்ணம் கறுத்தல், பல் ஆடுதல் என்று தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாளைக்கு என்றால் கண் போகும்; நாளை மறுநாள் என்றால் உயிர் போகும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. ஆகவே நோயாளியைக் கண்டு பயந்து ஒதுங்க வேண்டாம்.

தாடையில் வரும் கட்டிகள்

தாடைக் கட்டிகளில் பெரும்பாலானவை சாது. செத்துப்போன பல்லின் வேர் நுனியில் நீர்க்கட்டி வரும். தாடையில் அதிகம் பார்ப்பது இதுதான். முளைக்காமல் எலும்புக்குள் புதைந்து கிடக்கும் ஞானப்பல்லைச் சுற்றியும் நீர்க்கட்டி வரும். கீழ்த்தாடையின் பின்பகுதியில் வலியே இல்லாமல் வருஷக்கணக்கில் மெதுவாக உப்பி வந்தால் அமிலோபிளாஸ்டோமாவாக இருக்கலாம். இது பொதுவாக வேறு உறுப்புக்குப் பரவுவதில்லை. ஆனால் சுரண்டி மட்டும் எடுத்தால் திரும்ப வரும். சுற்றியுள்ள நல்ல எலும்பையும் கொஞ்சம் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும். வலி இல்லாத வீக்கம் நல்ல வீக்கம் என்று யாரும் நினைக்காதீர்கள். நாங்கள் அதிகம் பயப்படுகிற கட்டிகள் ஆரம்பத்தில் வலிப்பதே இல்லை.

புகையிலை, வெற்றிலை பாக்கு, ஹான்ஸ் போடுகிறவர்களுக்குக் கன்னத்து உட்பக்கத்திலும் ஈற்றிலும் புண் வந்து மூன்று வாரத்தில் ஆறவில்லை என்றால் காட்டியே ஆக வேண்டும். மரத்தச்சு வேலை செய்கிறவர்களுக்கும் எச்சரிக்கை: 1960-களில் இங்கிலாந்தின் ஹை விக்கம் என்ற நாற்காலி மேசை செய்யும் ஊரில்தான், மரத்தூசியால் மூக்குப் புற்று வரும் என்பதை முதலில் கவனித்தார்கள். இழைப்புளி, மிஷின் ஓடுகிற இடத்தில் முகமூடி அவசியம்.

18-ஆம் எண் அறை

இப்போது அந்தக் கதை. பெயர் சொல்லவில்லை. இங்கே பாதிப் பேருக்கு அவனைத் தெரியும். மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை எனக்கு வருகிற முட்டையையும் சேர்த்துச் சாப்பிட்டவன், பரீட்சைக்கு முந்தின இரவு எனக்குக் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தவன். அவன் சொல்லிக்கொடுக்காவிட்டால் நான் டாக்டர் ஆகியிருக்க மாட்டேன். அவன் பாங்க் வேலைக்குப் போனான்.

2013 ஐப்பசி மாசம், ராத்திரி ஒன்பது மணிக்கு ஃபோன். "டேய் டாக்டர், வலது மூக்கு ஒரு மாசமா அடைச்சே கெடக்குடா." நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "மழைக்காலம்டா, சைனஸ். நொச்சி இலை போட்டு ஆவி புடி, இந்த மாத்திரையைப் போடு" என்றேன். மூன்று வாரம் கழித்து மறுபடி. "அடைப்பு அப்படியே இருக்குடா. கன்னம் வேற மரத்த மாதிரி இருக்கு, ஷேவ் பண்ணும்போது உணர்ச்சி இல்ல." அன்று நான் ஒரு கல்யாண வீட்டில் இருந்தேன். நாதஸ்வரச் சத்தம். மரத்துப் போவது என்ற வார்த்தை என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. இன்னொரு மாத்திரையின் பெயரைச் சொல்லி வைத்தேன்.

தை மாசம் அவனுக்கு மேல் கடைவாய்ப் பல் ஆடியது. பிடுங்கினார்கள். குழி ஆறவில்லை, அதிலிருந்து சதை வளர்ந்தது. இதை அவன் சொன்ன அன்றைக்குத்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுநாளே வரவழைத்து ஸ்கேன் எடுத்தோம். மேல்தாடை சைனஸ் முழுக்கப் புற்று. கீழே பல்வரை இறங்கி, மேலே கண்ணின் தரையை அரித்திருந்தது. நான் முதலில் சொன்னேனே பொதுச் சுவர், அந்த மூன்று சுவரும் போயிருந்தன.

இந்தப் புற்று மிக அரிது. மொத்தப் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. ஆனால் காற்றறைக்குள் சத்தமில்லாமல் வளர இடம் இருப்பதால், வெளியே தெரியும்போது பெரும்பாலும் முற்றியிருக்கும். அது கொடுக்கிற சிறிய அடையாளங்கள்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். ஒரு பக்க அடைப்பு, கன்னம் மரத்தல், ஆடும் பல், பொருந்தாமல் போகும் பல்செட், இரட்டையாகத் தெரிதல். அவன் இரண்டு அடையாளங்களை என்னிடம் ஃபோனிலேயே சொன்னான். கேட்டவன் இந்தத் துறையில் எம்.எஸ். படித்தவன்.

ஆபரேஷனில் மேல்தாடையும் வலது கண்ணும் போயின. பிறகு கதிர்வீச்சு. பதினான்கு மாசம் இருந்தான். முன்கூட்டியே பார்த்திருந்தால் நிச்சயம் பிழைத்திருப்பான் என்று எந்த மருத்துவரும் சத்தியம் செய்ய மாட்டார். ஆனால் அவனுக்குக் கிடைத்திருக்க வேண்டிய வாய்ப்பு அந்த மூன்று மாசத்தில் குறைந்துபோனது. அது என் கணக்கில் இருக்கிறது.

அவன் ஒருநாளும் என்னைக் குற்றம் சொன்னதில்லை. அண்ணத்தில் தகடு வைத்துக்கொண்டு, மூக்கால் பேசுகிற குரலில் ஒரு தடவை மட்டும் சொன்னான்: "இனிமே எவனுக்கும் ஃபோன்ல வைத்தியம் பாக்காதடா." அவ்வளவுதான்.

ஒப்பிட்டுப் பாருங்கள். 1893-இல் அமெரிக்க ஜனாதிபதி குரோவர் கிளீவ்லாண்டுக்கு அண்ணத்தில் ஒரு சொரசொரப்பு தட்டுப்பட்டது. சில வாரங்களுக்குள், ஜூலை 1-ஆம் தேதி, ஊருக்குத் தெரியாமல் ஒரு உல்லாசப் படகில் வைத்து இடது மேல்தாடையின் ஒரு பகுதியை எடுத்தார்கள். ரப்பரில் தகடு செய்து பொருத்தினார்கள். மேடையில் பேசினார், யாரும் கண்டுபிடிக்கவில்லை. 15 வருஷம் வாழ்ந்து 1908-இல் இறந்தார். ஸ்கேன் இல்லாத காலம், ஆன்டிபயாடிக் இல்லாத காலம். பின்னாளில் அந்தச் சதையைச் சோதித்தவர்கள் மெதுவாக வளரும் வகைப் புற்று என்றார்கள். அவருடைய கட்டியும் நம் நண்பனுடையதும் ஒன்றல்ல என்பது உண்மை. ஆனாலும், உடனே வாயைத் திறந்து காட்டினார் என்பதும் உண்மை.

என்ன செய்ய வேண்டும்?

புதிதாக வந்த ஒரு பக்க அடைப்போ, ஒரு பக்க ரத்தமோ மூன்று வாரத்தைத் தாண்டினால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் நேரில் போங்கள். எண்டோஸ்கோப் வைத்துப் பார்க்க ஐந்து நிமிஷம். பஞ்சில் மருந்து வைத்து மரக்கச் செய்துதான் பார்ப்போம். தேவையானால் சி.டி. ஸ்கேன். கட்டி இருந்தால் பயாப்ஸி. "கத்தி பட்டா பரவிடும்" என்று பயந்து தள்ளிப்போடாதீர்கள். தள்ளிப்போடுகிற நாளில்தான் அது பரவுகிறது. பல் டாக்டரிடம் போனாலும், சொத்தையே இல்லாத பல் ஏன் ஆடுகிறது என்று கேளுங்கள். பத்துக்கு ஒன்பது பேருக்குச் சாதாரண விஷயமாகத்தான் இருக்கும். நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

கடைசியாக ஒன்று. சாப்பாடு ஆனதும் உங்களில் பலர் என் நம்பரை வாங்கப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். தாராளமாக வாங்குங்கள். ராத்திரி பத்து மணிக்கும் ஃபோன் பண்ணுங்கள். ஆனால் மருந்து கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "எந்தப் பக்கம்டா?" ஒரே பக்கம் என்று நீங்கள் சொன்னால், "நாளைக்குக் காலையில் நேரில் வா" என்பேன். 18-ஆம் எண் அறைக்காரனிடம் கேட்கத் தவறிய கேள்வி அது.

 சாப்பாடு ஆறுகிறது.